கேமரா சிரித்த கதை

டிஸ்கி: கொஞ்சம் நீளமான வரலாற்றுப் பதிவு. நடுவில் லென்ஸ், ரத்தம், குரோமோசோம், ஒரு ஒயின் வியாபாரி எல்லாம் வருவார்கள். ஒரு டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். ஃபார்முலா எதுவும் கிடையாது, பயப்பட வேண்டாம் :-)

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

அடியேன் பொட்டி தட்டுகிற ஜாதி. படித்தது எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங். மூன்று வருடத்துக்கு முன்னால், வங்கி மென்பொருளில் நிம்மதியாக ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த என்னைத் தூக்கி ஒரு மருத்துவப் பிராஜெக்டில் போட்டார்கள். நுண்ணோக்கியில் ஒரு ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமராவை மாட்டி, பயாப்சி ஸ்லைடுகளைப் படம் பிடித்து, எது நல்ல திசு எது கெட்ட திசு என்று பிரிக்கிற வேலை.

ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்காதீர்கள். நம்ம செல்போன் கேமரா ஒவ்வொரு புள்ளிக்கும் மூணே மூணு எண் வைத்திருக்கும்: சிவப்பு, பச்சை, நீலம். இந்தக் கேமரா ஒவ்வொரு புள்ளிக்கும் நூறு, இருநூறு எண் வைத்திருக்கும். ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு வெளிச்சம் வந்தது என்ற கணக்கு. எங்கள் கேமரா ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோட்டைத்தான் பார்க்கும். மெல்லிய பிளவு வழியாக வரும் அந்தக் கோட்டின் வெளிச்சத்தை வானவில் மாதிரி விரித்துப் பதிந்துகொள்ளும். ஸ்லைடு நகர நகர, கோடுகளை அடுக்கினால் முழுப்படம் ரெடி.

என் நிரல் புள்ளிகளை நிறமாலை வாரியாகக் குழு பிரித்தது. மூன்று குழு வரும் என்று எதிர்பார்த்தோம். நாலாவதாக ஒன்று வந்தது. அதுவும் சும்மா இல்லை, திசுத் துண்டின் இரண்டு ஓரத்திலும் அழகாக, பளிச்சென்று ஒரு பட்டை. ஓரத்தில் இருக்கும் செல்கள்தான் முதலில் மாற ஆரம்பிக்கின்றன போல என்று நானே ஒரு தியரி கட்டி, 14 பக்கத்துக்குப் பிரசென்டேஷன் போட்டேன். மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கூட்டத்தில் ஒரு நோயியல் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, அந்த ஸ்லைடை தொண்ணூறு டிகிரி திருப்பி வச்சு இன்னொரு தடவை எடுங்களேன்" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

எடுத்தேன். நாலாவது குழு உண்மையிலேயே திசுவில் இருந்தால், இடம் வலமாக இருந்த பட்டைகள் இப்போது மேல் கீழாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. திசு திரும்பிவிட்டது, பட்டை திரும்பவில்லை. அதே இடது, அதே வலது.

அதாவது நான் கண்டுபிடித்த வியாதி நோயாளிக்கு இல்லை. எங்கள் கேமராவுக்கு!

சிரித்துவிட்டு விட முடியவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் அந்த நாலாவது குழுவைப் பயிற்சித் தரவில் சேர்த்து மூடுவதாக இருந்தோம். அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் "சந்தேகத்துக்குரியது" என்று சிவப்பாக வந்திருக்கும். யாரோ ஒருவர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருப்பார்.

அன்றைக்கு ராத்திரி படிக்க ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு. நான் பண்ணியது புதுத் தப்பே இல்லை. கிட்டத்தட்ட 200 வருடப் பழசு, அதுவும் என்னைவிடப் பெரிய பெரிய ஆட்கள் பண்ணியது.

எல்லாம் உருண்டை

1823. பாரிஸ். ஆன்ரி மில்ன்-எட்வர்ட்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் நுண்ணோக்கியில் விலங்குத் திசுக்களைப் பார்க்கிறார். தசை, நரம்பு, தோல், எதைப் பார்த்தாலும் சின்னச் சின்ன உருண்டைகள். அளவும் ஒன்றேதான், சுமார் ஒரு மில்லிமீட்டரில் 300-ல் ஒரு பங்கு. உயிருள்ள எல்லாத் திசுவும் இந்த ஒரே அளவு உருண்டைகளால் ஆனது என்று எழுதினார். அவர் மட்டும் இல்லை, அந்தக் காலத்தில் பலரும் இதைப் பார்த்தார்கள், நம்பினார்கள்.

நல்ல அழகான தியரி. ஒரே ஒரு சின்ன சிக்கல்: அந்த உருண்டைகளில் பெரும்பாலானவை திசுவில் இல்லை.

அன்றைய லென்ஸ்களுக்கு இரண்டு பெரிய வியாதி. ஒன்று நிறப் பிறழ்ச்சி: கண்ணாடி நீலத்தை ஒரு இடத்திலும் சிவப்பை வேறு இடத்திலும் குவிக்கும். இன்னொன்று கோளப் பிறழ்ச்சி: லென்ஸின் ஓரம் வழியாக வரும் ஒளியும் நடு வழியாக வரும் ஒளியும் ஒரே இடத்தில் சேராது. இரண்டும் சேர்ந்தால், ஒரு நுண்ணிய புள்ளி உங்கள் கண்ணுக்குப் புள்ளியாக வராது. சுற்றிலும் வளையத்தோடு ஒரு உருண்டையாக வரும். எதைப் பார்த்தாலும் ஒரே அளவு உருண்டை ஏன் வருகிறது? அந்த அளவு திசுவுடையது இல்லை, லென்ஸுடையது.

என் நாலாவது குழு ஞாபகம் வருகிறதா? எந்த ஸ்லைடை வைத்தாலும் அதே இடத்தில், அதே அகலத்தில்!

நிறப் பிறழ்ச்சியைக் கண்ணாடியால் சரி செய்யவே முடியாது என்று முடிவு கட்டியவர் சாட்சாத் நியூட்டன். அதனால்தான் அவர் தொலைநோக்கிக்கு லென்ஸை விட்டுவிட்டுக் கண்ணாடி ஆடிக்குப் போனார். அவர் பெயருக்கு இருந்த மரியாதையில் ரொம்ப நாள் யாரும் பெரிதாக முயற்சி செய்யவில்லை. 1730-களில் செஸ்டர் மூர் ஹால் என்ற ஆங்கிலேய வக்கீல், இரண்டு வகைக் கண்ணாடியை ஜோடி சேர்த்தால் ஒன்றின் தப்பை இன்னொன்று சரிக்கட்டும் என்று கண்டுபிடித்தார். 1758-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டாலண்ட் அதற்குக் காப்புரிமை வாங்கி விற்க ஆரம்பித்தார். ஆனால் அது தொலைநோக்கிக்குத்தான். நுண்ணோக்கிக்குத் தேவைப்படும் குட்டி லென்ஸ்களில் இந்த ஜோடி வித்தை சரியாக வர இன்னும் அறுபது எழுபது வருடம் ஆனது. வந்த பிறகும், ஜோடிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் நிறம் சரியாகும், கோளப் பிறழ்ச்சி கூடிவிடும். ஒன்றை அடக்கினால் இன்னொன்று எழுந்துவிடும்.

ஒயின் வியாபாரி

இங்கேதான் நம்ம தல வருகிறார். ஜோசப் ஜாக்சன் லிஸ்டர். விஞ்ஞானி இல்லை, பேராசிரியர் இல்லை. லண்டனில் ஒயின் வியாபாரம். 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு அப்பா வியாபாரத்தில் சேர்ந்தவர். லென்ஸ் வேலை எல்லாம் கடை போக மிஞ்சிய நேரத்தில். ஆஃபீஸ் முடித்து வந்து ராத்திரி உட்கார்ந்து பதிவு எழுதும் நம்மைப் போன்றவர்களுக்கு இவர்தான் குலதெய்வம் :-)

லிஸ்டர் கண்டது இது. ஒவ்வொரு ஜோடி லென்ஸுக்கும் கோளப் பிறழ்ச்சி மறைந்துபோகும் இடம் இரண்டு இருக்கின்றன. அந்த இடங்களைக் கணக்கில் வைத்து, லென்ஸ்களுக்கு நடுவே சரியான இடைவெளி விட்டு அடுக்கினால், ஒன்றின் பிழையை இன்னொன்று தின்றுவிடும். அதுவரை "மாத்தி மாத்திப் பாரு, எது நல்லா தெரியுதோ அதை வச்சுக்கோ" என்று இருந்த தொழிலுக்கு ஒரு விதி கிடைத்தது. ராயல் சொசைட்டியின் இதழில் இது வந்த வருடம் 1830.

ஆனால் அதற்கு மூன்று வருடம் முன்னாலேயே அவர் அந்த மேம்பட்ட நுண்ணோக்கியை வைத்து ஒரு காரியம் செய்திருந்தார். கூட்டாளி, தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற டாக்டர். (ஆமாம், ஹாட்ஜ்கின் நோய் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அவரேதான்.) இருவரும் ரத்தத்தையும் திசுக்களையும் மறுபடி உட்கார்ந்து பார்த்தார்கள். 1827-ல் எழுதினார்கள்: சிவப்பணு உருண்டை இல்லை, இரண்டு பக்கமும் நடுவில் குழிந்த வட்டு. தசையில் உருண்டை வரிசை இல்லை, இழைகள்தான், அதில் குறுக்குக் கோடுகள். மற்ற திசுக்களிலும் அந்தப் புகழ்பெற்ற உருண்டைகளைக் காணோம்.

உருண்டைத் தியரி அதோடு ஆட்டம் காண ஆரம்பித்தது. பன்னிரண்டு வருடத்தில், 1838, 1839-ல், ஷ்லைடனும் ஷ்வானும் செல் கொள்கையைச் சொன்னார்கள். லிஸ்டரின் மகன்தான் பின்னால் அறுவை சிகிச்சைக்குக் கிருமிநாசினி கொண்டுவந்த ஜோசப் லிஸ்டர் என்பது இலவச இணைப்பு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அந்தக் காலத்து ஆட்கள் புது லென்ஸ் வாங்கியதும் நேராகத் திசுவைப் பார்க்க மாட்டார்கள். முதலில் வண்ணத்துப்பூச்சியின் இறக்கைச் செதிலை வைப்பார்கள். அதில் நெருக்கமாகக் கோடுகள் இருப்பது ஏற்கெனவே தெரியும். அவை தனித்தனியாகத் தெரிந்தால் லென்ஸ் பாஸ். தெரிந்ததை வைத்துக் கருவியைச் சோதி, அப்புறம்தான் தெரியாததைப் பார். நானும் என் மேனேஜரும் தாண்டிப்போன படி இதுதான்.

சிவப்புப் படம் சின்னது, நீலப் படம் பெரியது

அடுத்து ஜெர்மனியில் ஜெனா. கார்ல் ஜெய்ஸ் அங்கே 1846-ல் பட்டறை திறந்திருந்தார். 1866-ல் எர்ன்ஸ்ட் ஆபே என்ற இளம் இயற்பியல் ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு வந்து, லென்ஸைக் கணக்குப் போட்டே செய்ய முடியுமா பாருங்கள் என்றார். முடிந்தது. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் கணக்கு சரியாக இருந்தும் கண்ணாடி ஒத்துழைக்கவில்லை. ஆகவே கண்ணாடியே புதிதாகச் செய்ய ஓட்டோ ஷாட் என்ற வேதியியல் ஆசாமியைச் சேர்த்துக்கொண்டு 1884-ல் ஒரு கண்ணாடிக்கூடம். 1886-ல் அபோக்ரோமாட் லென்ஸ் வெளிவந்தது. இரண்டு நிறத்துக்குப் பதில் மூன்று நிறத்தை ஒரே இடத்தில் குவித்தது. புதுக் கண்ணாடியோடு ஃப்ளூரைட் என்ற கனிமத்தையும் உள்ளே வைத்திருந்தார் ஆபே.

நிறம் எல்லாம் ஒரே தளத்தில் குவிந்துவிட்டது, சரி. ஆனால் ஒரு பிழை மிச்சம் இருந்தது. நீலப் படம் சிவப்புப் படத்தைவிட இம்மியளவு பெரியதாக வந்தது. நடுவில் ஒன்றும் தெரியாது. ஓரத்துக்குப் போகப் போக நீலமும் சிவப்பும் விலகும். ஆபே இதை லென்ஸில் சரி செய்யவில்லை. நேர் எதிரான பிழையுள்ள கண்ணருகு லென்ஸைச் செய்து, இரண்டையும் சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வைத்துவிட்டார். ஈடுகட்டும் கண்ணருகு லென்ஸ். படு கெட்டிக்காரத்தனம், ஆனால் ஒரு மறைமுக நிபந்தனையும் கூட: இந்த ஜோடியைப் பிரிக்காதே.

இந்த நிபந்தனை நினைவில் இருக்கட்டும். பின்னால் என்னை உதைக்கப்போகிறது.

ஒரு பிக்சல் நகர்ந்தால் புற்றுநோய்

ஒரு நூறு வருடம் தாவுகிறேன். 1996. நம்மிடம் இருக்கும் குரோமோசோம்கள் 24 வகை: 22 ஜோடி, அப்புறம் எக்ஸ், ஒய். சில புற்றுநோய்களில் ஒரு குரோமோசோமின் துண்டு உடைந்து இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 9-க்கும் 22-க்கும் நடுவே இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது என்று ஜேனட் ரௌலி 1973-லேயே காட்டியிருந்தார். ஆகவே 24-க்கும் 24 வண்ணம் பூச முடிந்தால், எந்தத் துண்டு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

24 தனிச் சாயம் கிடையாது. ஆனால் ஐந்து சாயம் இருந்தால் போதும், இருக்கிறது இல்லை என்று கலந்தால் 31 சேர்க்கை வரும். (பைனரி! இந்த இடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணியே வந்துவிட்டது.) அந்த வருடம் இரண்டு குழுக்கள் இதைச் செய்து காட்டின. ஒரு குழு ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு ஃபில்டர் மாற்றி மாற்றித் தனித்தனியாகப் படம் எடுத்தது. ஃபில்டர் மாறும்போது படம் துளியூண்டு நகரும். அப்படியே அடுக்கினால் குரோமோசோமின் ஓரத்தில் ஒரு சாயம் குறையும். சாயம் குறைந்தால் குறியீடு மாறும். குறியீடு மாறினால் அந்த ஓரம் வேறொரு குரோமோசோமாகப் படிக்கப்படும். பார்ப்பவருக்கு, இடம் மாறி ஒட்டிக்கொண்ட துண்டு மாதிரியே இருக்கும்! அதனால் படங்களைத் துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவது அந்த முறையின் உயிர்நாடி. இன்னொரு குழு ஃபில்டரை மாற்றும் வேலையே வேண்டாம் என்று, ஒரு குறுக்கீட்டுமானி வைத்து ஒவ்வொரு புள்ளிக்கும் முழு நிறமாலையையே எடுத்தது.

முழு நிறமாலை எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சிரிப்பும் சரிவகமும்

முழு நிறமாலையோடு படம் எடுக்கிற இந்த வித்தை பெரிதாக வளர்ந்தது உயிரியலில் இல்லை, கல் தேடினவர்களிடம். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் அலெக்சாண்டர் கோட்ஸ் குழு 1980-களில் விமானத்தில் இருந்து பாறைகளை அவற்றின் நிறமாலையை வைத்து அடையாளம் காண முயன்றது. 1987-ல் பறந்த அவிரிஸ் கருவிக்கு 224 அலைநீளப் பட்டைகள். அது ஒரு நேரத்தில் ஒரே ஒரு புள்ளியைத்தான் பார்க்கும். அதனால் எல்லாப் புள்ளிக்கும் ஒரே ஒளிப்பாதை, ஒரே பிழை. அடுத்து வந்தவை எங்கள் கேமரா மாதிரி ஒரு முழுக் கோட்டை ஒரே நேரத்தில் பார்ப்பவை. இங்கேதான் இரண்டு பிசாசுகள் உள்ளே நுழைந்தன.

முதல் பிசாசுக்குப் பெயரே 'சிரிப்பு'. ஒரே அலைநீள ஒளியை உள்ளே விட்டால் அது உணரியில் நேர்கோடாக விழ வேண்டும். விழாது, வாய் மாதிரி வளைந்து விழும். நடுவில் ஒரு அலைநீளம், ஓரத்தில் கொஞ்சம் வேறு. இரண்டாவது 'சரிவகம்'. நீலத்தில் கோட்டின் நீளம் ஒன்று, சிவப்பில் வேறொன்று. ஓரத்துப் புள்ளியின் நீலம் ஒரு செல்லில் இருந்தும் சிவப்பு பக்கத்துச் செல்லில் இருந்தும் வரும். ஆபேயின் மிச்சப் பிழையின் பேரப்பிள்ளை.

2000 நவம்பரில் மேலே போன ஹைப்பரியான் செயற்கைக்கோள் கருவியிலும் சிரிப்பு இருந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளிப் பகுதியில் ஓரத்துக்கு ஓரம் சுமார் 3 நானோமீட்டர். இதெல்லாம் ஒரு விஷயமா என்றால், ரத்தத்தைப் பாருங்கள். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் 542, 577 நானோமீட்டரில் இரண்டு மேடாக ஒளியை உறிஞ்சும். ஆக்சிஜன் இறங்கினால் 555 பக்கத்தில் ஒரே மேடு. 577-ஐத் தாண்டியதும் செங்குத்தாக ஒரு சரிவு. அந்தச் சரிவில் இரண்டு மூன்று நானோமீட்டர் தள்ளிப் படித்தால், ஒரே ரத்தம் படத்தின் நடுவில் ஒரு மாதிரியும் ஓரத்தில் வேறு மாதிரியும் தெரியும்.

அதே 2000-ல் அதே ஆய்வகத்தின் பான்டாசிஸ் மௌரோலிஸும் சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். நம்பகமான நிறமாலை வேண்டுமென்றால் இந்த இரண்டு பிழையும் ஒரு பிக்சலில் சில சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு பிக்சல் இல்லை, அதில் சில சதவீதம்!

மறுபடி எங்கள் லேப்

பாதரச விளக்கு ஒன்று வாங்கினோம். அதன் பச்சைக் கோடு 546.1 நானோமீட்டர். எந்த ஊரிலும், எந்த நாளிலும் அதேதான். எங்கள் வண்ணத்துப்பூச்சிச் செதில் அது. ஒளியை உள்ளே விட்டுத் திரையைப் பார்த்தேன். கோடு வளைந்து, இரண்டு ஓரமும் மேலே தூக்கி, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"சாஃப்ட்வேர்ல சரி பண்ணிடலாம் மேடம்" என்றேன், நம்ம ஜாதி புத்தி. சிரிப்பு ஓரளவு சரியானது. ஒவ்வொரு இடத்திலும் அலைநீளம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று விளக்கே சொல்லிவிடுகிறது, அதன்படி திருத்திக்கொள்ளலாம். நாலாவது குழுவில் பெரும்பகுதி அன்றைக்கே காணாமல் போனது.

சரிவகம் அப்படி மசியவில்லை. படத்தை இழுத்துப் பொருத்தினால், இரண்டு பிக்சலுக்கு நடுவில் இருக்கும் மதிப்பை நிரல் ஊகித்துத்தான் போட வேண்டும். ஊகம் என்றால் பக்கத்துச் செல்லையும் கொஞ்சம் கலப்பது. அழகான படம் வரும். ஆனால் அந்தப் புள்ளியின் நிறமாலை எந்த ஒரு செல்லுடையதும் இல்லை. பிழையை எடுக்கிறேன் என்று நானே ஒரு புது உருண்டையை உள்ளே வைக்கிறேன்.

காரணம் தெரிய இன்னும் ஒரு வாரம் பிடித்தது. செலவைக் குறைக்க, நுண்ணோக்கி உடல் ஒரு கம்பெனி, பொருளருகு லென்ஸ் வேறொரு கம்பெனி என்று மாட்டியிருந்தார்கள். சில தயாரிப்பாளர்கள் இன்றும் ஆபே மாதிரி, மிச்ச நிறப்பிழையை நுண்ணோக்கியின் உள்ளே இருக்கும் இன்னொரு லென்ஸில் சரிக்கட்டுகிறார்கள். ஜோடியைப் பிரித்தால் பிழை வெளியே வந்துவிடும். 1886-ல் போட்ட நிபந்தனையை நாங்கள் மீறியிருந்தோம். ஜோடி சேர்ந்த லென்ஸை மாட்டியதும், ஒரு வரி நிரல் எழுதாமல், பிழை பாதிக்கு மேல் குறைந்தது.

அந்த 14 பக்கத்தை அழித்துவிட்டேன். நான் இதுவரை, கருவி தப்பு செய்தால் படம் மங்கும், பார்த்தாலே தெரியும் என்று நினைத்திருந்தேன். மங்கினால் தேவலையே, யாரும் நம்ப மாட்டார்கள். இது பளிச்சென்று, ஒழுங்காக, தியரி கட்டத் தோதாக வருகிறது. மில்ன்-எட்வர்ட்ஸ் ஒன்றும் முட்டாள் இல்லை. பார்த்ததை நேர்மையாகத்தான் எழுதினார். ஸ்லைடைத் திருப்பி வைக்கச் சொல்ல அவர் பக்கத்தில் ஒரு டாக்டரம்மா இல்லை, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் லேபில் எந்தப் புது மாதிரி வந்தாலும் முதலில் பாதரச விளக்கு, அப்புறம் ஸ்லைடு நேராக ஒரு தடவை, திருப்பி ஒரு தடவை. இரண்டிலும் திசுவோடு சேர்ந்து நகர்வதை மட்டும்தான் ரிப்போர்ட்டில் எழுதுகிறோம். ஒரு ஸ்லைடுக்கு இருபது நிமிடம் அதிகம் ஆகிறது என்று மேனேஜர் முனகுகிறார். முனகட்டும்.

பி.கு: டாக்டரம்மாவிடம் "எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். "கண்டெல்லாம் பிடிக்கலைப்பா. முப்பது வருஷமா ஸ்லைடு பார்க்கறேன், சந்தேகம் வந்தா திருப்பி வச்சுப் பார்க்கறது பழக்கம்" என்றார்.